அட்டை கையில் இருக்கிறது, பட்டியலில் பெயர் இல்லை

தேர்தலன்று காலை ஏழு மணிக்கே வாக்குச்சாவடிக்குப் போய் வரிசையில் நின்று, ஒன்றரை மணி நேரம் கழித்து முதல் மேசைக்கு வந்து சேர்ந்த பிறகு, "உங்க பேரு இதுல இல்லீங்களே" என்று கேட்க நேர்ந்தவர்களுக்குத்தான் அந்த நிமிடம் புரியும். முதலில் வருவது கோபம் அல்ல, கூச்சம். பின்னால் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள். ஏதோ நாம்தான் தப்பு செய்துவிட்டதுபோல் இருக்கிறது. வாசலைத் தாண்டுவதற்குள் அது கோபமாகிறது. வாக்காளர் அட்டை கையில் இருக்கிறது, போன முறை இதே பள்ளிக்கூடத்தில்தான் ஓட்டுப் போட்டோம், வீடும் மாறவில்லை. வெளியூரில் வேலை செய்துவிட்டு ஓட்டுக்காக ஊர் வந்தவர் என்றால் போக வர பஸ்ஸுக்கே இரண்டாயிரம், மூவாயிரம் போயிருக்கும். தேர்தல் நேரத்து ஆம்னி பஸ் கட்டணம் தீபாவளிக்குச் சளைத்ததல்ல. தினக்கூலிக்காரர் என்றால் ஒரு நாள் வருமானமும் போச்சு. (சட்டப்படி அது போகக்கூடாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 135B: ஓட்டுப் போடும் நாளில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும், தினக்கூலிக்கும் இது பொருந்தும். மீறும் முதலாளிக்கு அபராதம் 500 ரூபாய் வரைதான் என்பதால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை.)

அந்த நேரத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை, வீட்டுக்குப் போகாமல் இருப்பது. "இல்லை" என்று மேசையில் சொல்வதற்கு நான்கு வேறு அர்த்தங்கள் உண்டு. எது என்று தெரிந்துகொள்ளாமல் நடையைக் கட்டினால் கிடைக்க வேண்டிய ஓட்டும் போய்விடும்.

சாதாரணமாக நடப்பது, பெயர் வேறு பாகத்தில் இருப்பது. ஒரே பள்ளியில் மூன்று நான்கு வாக்குச்சாவடிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு பாகம். ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் வரை இருக்கலாம் என்றிருந்ததைத் தேர்தல் ஆணையம் 2025இல் 1,200 ஆகக் குறைத்தது. அதனால் பல தெருக்கள் பழைய பாகத்திலிருந்து பிரிந்து புதிய பாகத்துக்குப் போயிருக்கின்றன. பழைய பூத் ஸ்லிப்பை நம்பி வரக்கூடாது என்பது இதனால்தான். வாசலில் உட்கார்ந்திருக்கும் பிஎல்ஓவிடம் (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) அட்டை எண்ணைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள், அல்லது 1950 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். பெயரை வைத்துத் தேடினால் பாதி நேரம் கிடைக்காது. இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா, "முத்துக்குமார்" ஒரு சொல்லா இரண்டு சொல்லா என்பதில் எல்லாம் மாட்டிக்கொள்ளும். அட்டை எண்ணுக்கு அந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது வகை, பட்டியலில் பெயர் இருக்கிறது, ஆனால் ஏஎஸ்டி என்ற இன்னொரு தாளிலும் இருக்கிறது. வீடு வீடாகப் போனபோது ஆள் இல்லை, குடிமாறிவிட்டார் அல்லது இறந்துவிட்டார் என்று குறிக்கப்பட்டவர்களின் பட்டியல் அது. கள்ள ஓட்டைத் தடுக்க உள்ள எச்சரிக்கைப் பட்டியலே தவிர, ஓட்டுரிமையைப் பறிக்கும் பட்டியல் அல்ல. வாக்குச்சாவடித் தலைமை அலுவலர் உங்கள் அடையாளத்தைக் கூடுதல் கவனத்தோடு சரிபார்ப்பார், கையெழுத்தோடு கட்டைவிரல் ரேகையும் வாங்குவார், பிறகு ஓட்டுப் போடலாம். "செத்துப்போனதா போட்டிருக்கு" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டோ அழுதுவிட்டோ திரும்பாமல், தலைமை அலுவலரைக் கூப்பிடச் சொல்லுங்கள். முடிவெடுக்க வேண்டியவர் அவர். பட்டியலைப் புரட்டுகிற முதல் அலுவலரோ கட்சி ஏஜென்ட்டோ அல்ல.

மூன்றாவது, உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே போட்டுவிட்டார்கள். இங்கேதான் நிறையப் பேர் சண்டை போட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். சத்தம் போடுவதைவிட "டெண்டர் ஓட்டு வேண்டும்" என்று கேட்பது மேல். 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளில் 49P விதி இதைத் தருகிறது. தலைமை அலுவலர் கேட்கும் கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொல்லி, 17B படிவத்தில் கையெழுத்துப் போட்டால், இயந்திரத்தில் அல்லாமல் காகித வாக்குச்சீட்டில் ஓட்டுப் போட விடுவார்கள். அது தனி உறைக்குள் போகும். உண்மையைச் சொல்லிவிட வேண்டும்: எண்ணும் நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள், அந்த ஓட்டு கணக்கில் சேராது. பிறகு எதற்கு? நீதிமன்றத்தில் அது சாட்சி. 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாரா தொகுதியில் சி.பி. ஜோஷி ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். அந்த வழக்கில் டெண்டர் ஓட்டுகளும் விவாதத்துக்கு வந்து உச்ச நீதிமன்றம் வரை போனது. தவிர, எத்தனை டெண்டர் ஓட்டு விழுந்தது என்பது சாவடி வாரியாக இறுதி முடிவுத் தாளில் ஏறும். சத்தம் போட்டுவிட்டுப் போனவரின் புகார் எந்தத் தாளிலும் ஏறாது.

நான்காவதுதான் மோசம்: பெயர் நிஜமாகவே நீக்கப்பட்டிருப்பது. 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் 62ஆம் பிரிவின்படி பட்டியலில் பெயர் இல்லாதவர் அந்தத் தொகுதியில் ஓட்டுப் போட முடியாது. அட்டை என்பது நீங்கள் யார் என்று காட்டுகிற சான்று மட்டுமே. ஒவ்வொரு தேர்தலுக்கும் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி "சேலஞ்ச் ஓட்டு" போடலாம், 14 சதவீதத்துக்கு மேல் டெண்டர் ஓட்டு விழுந்தால் மறு தேர்தல் என்று. இரண்டுமே பொய். சேலஞ்ச் என்பது, வந்திருப்பவர் உண்மையான ஆள் அல்ல என்று ஏஜென்ட் இரண்டு ரூபாய் கட்டி ஆட்சேபம் எழுப்புவது; வாக்காளர் தனக்காகக் கேட்டு வாங்குவது அல்ல. இந்தச் செய்தியை நம்பிச் சாவடியில் மதியம் வரை வாதாடுகிறவர்கள் உண்டு. தலைமை அலுவலர் நினைத்தாலும் அன்றைக்குப் பெயர் சேர்க்க அவருக்கு அதிகாரம் கிடையாது. கெட்டது அன்று கெடவில்லை, பல மாதம் முன்பே கெட்டுவிட்டது.

ஆகவே அன்று செய்யக்கூடியது, காரணத்தை எழுதி வாங்கிக்கொள்வதுதான். பட்டியலின் கடைசியில் துணைப் பட்டியல் இருக்கும். நீக்கப்பட்ட பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். ஈ என்றால் இறந்தவர், எஸ் என்றால் இடம் மாறியவர், ஆர் என்றால் இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர், எம் என்றால் காணப்படாதவர், க்யூ என்றால் தகுதி இழந்தவர். இந்த ஓர் எழுத்துத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. 'எஸ்' விழுவதற்குப் பெரும்பாலான காரணம், பிஎல்ஓ வந்தபோது வீடு பூட்டியிருந்தது, பக்கத்து வீட்டுக்காரர் "அவங்க இங்க இல்லீங்க" என்று பொதுவாகச் சொன்னது. 'ஆர்' விழுவதற்குக் காரணம் பல நேரம் நாமேதான்: வீடு மாறியதும் பழைய பெயரை மாற்றாமல் புதிதாகப் பெயர் சேர்க்கும் ஆறாம் படிவம் கொடுத்துவிடுகிறோம். பிறகு கணினி இரண்டையும் பிடித்துக் காட்டுகிறது, அலுவலர் ஒன்றை எடுத்துவிடுகிறார். எதை எடுப்பார் என்பது உங்கள் கையில் இல்லை.

படிவங்களைக் குழப்பிக்கொள்ளாமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை வராது. இதுவரை எங்குமே பெயர் இல்லாதவருக்கும், நீக்கப்பட்டவருக்கும் படிவம் 6. பெயர் இருந்து, முகவரி மாறினால், எழுத்துப்பிழை திருத்த வேண்டுமென்றால், அட்டை தொலைந்தால், மாற்றுத்திறனாளி என்று குறிக்க வேண்டுமென்றால், எல்லாவற்றுக்கும் படிவம் 8. தொகுதி விட்டுத் தொகுதி போனாலும் இப்போது எட்டுதான். 2022 ஆகஸ்டுக்கு முன் இதற்கு ஆறைக் கேட்டார்கள், அந்தப் பழைய நினைப்பில் இன்னும் சில கணினி மையங்களில் ஆறையே நிரப்பிவிடுகிறார்கள். பெயரை நீக்கவோ ஆட்சேபிக்கவோ படிவம் 7. இரண்டு இடத்தில் பெயர் வைத்திருப்பதும் அதை மறைத்துப் படிவத்தில் கையெழுத்திடுவதும் வெறும் அலட்சியம் அல்ல. பொய் உறுதிமொழிக்கு 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 31ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை இருக்கிறது.

எந்த ஊரில் பெயர் இருக்க வேண்டும் என்பதில் உணர்ச்சி வேறு, சட்டம் வேறு. சட்டம் கேட்பது நீங்கள் சாதாரணமாக எங்கே வசிக்கிறீர்கள் என்பதை. ஊரில் சொந்த வீடு இருப்பது மட்டும் போதாது என்று 20ஆம் பிரிவு தெளிவாகவே சொல்கிறது. பத்து வருடமாக வேளச்சேரியில் வாடகைக்கு இருந்துகொண்டு தென்காசியில் பெயரை வைத்திருப்பவர், தன் தெருவில் மழைநீர் நிற்கும்போது கேள்வி கேட்க வேண்டிய கவுன்சிலருக்கு வாக்காளரே அல்ல. வாடகை ஒப்பந்தம் இல்லை என்றால் கேஸ் இணைப்பு ரசீது, வங்கி பாஸ்புக், ஆதார் என்று ஏதாவது ஒரு முகவரிச் சான்று போதும்; வீட்டுக்காரரின் தயவு தேவையில்லை.

படிவம் கொடுத்ததும் குறிப்பு எண் வரும். அதை எழுதி வையுங்கள். குறுஞ்செய்தியில் வந்தது அழிந்துபோகும். வந்த விண்ணப்பங்களின் பட்டியலை வாக்காளர் பதிவு அலுவலர் வெளியிட வேண்டும்: ஆறாம் படிவக்காரர்கள் படிவம் 9இல், ஏழாம் படிவக்காரர்கள் படிவம் 10இல், எட்டு 11இல். யாருமே பார்க்காத, ஆனால் பார்க்க வேண்டிய தாள் அந்தப் பத்துதான். உங்கள் பெயரை நீக்கச் சொல்லி யாராவது மனுக் கொடுத்திருந்தால் அதில் தெரியும். ஆட்சேபம் தெரிவிக்க ஏழு நாள் உண்டு. நோட்டீஸ் தராமல், பதில் சொல்ல வாய்ப்புத் தராமல் பெயரை நீக்கக்கூடாது. 22ஆம் பிரிவும், 1995இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதையே வலியுறுத்துகின்றன. நீக்கியது தவறு என்றால் 15 நாளுக்குள் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு, அங்கும் நடக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் இரண்டாவது மேல்முறையீடு. நாள் எண்ணத் தொடங்குவது உத்தரவுத் தேதியிலிருந்து. கோபம் ஆறட்டும் என்று காத்திருந்தால் கெடு போய்விடும்.

எப்போது சரிபார்ப்பது? தேர்தல் தேதி அறிவித்த பிறகு அல்ல. வேட்புமனு தாக்கலின் கடைசி நாளோடு பட்டியல் மூடப்பட்டுவிடும், அதற்கு முன் களவிசாரணையும் ஏழு நாள் அறிவிப்பும் முடிந்திருக்க வேண்டும். வரைவுப் பட்டியல் வரும் நாளே சரியான நாள். தமிழ்நாட்டில் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பிறகு 2025 டிசம்பர் 19 அன்று வந்த வரைவில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் குறைந்திருந்தன. அவற்றில் இறந்தவர்களும் இடம் மாறியவர்களும் இரட்டைப் பதிவுகளும் இருந்தன. ஆனால் அந்தக் கூட்டத்தில் நாம் இருக்கிறோமா என்பதைப் பார்க்க ஐந்து நிமிடம் செலவழிப்பதற்கும், தேர்தலன்று பள்ளி வாசலில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. வீட்டில் பதினெட்டு ஆகிற பிள்ளை இருந்தால் இப்போது ஜனவரி 1 மட்டும் அல்ல, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாட்கள். பதினேழு முடிந்ததுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம்.

சின்னச் சின்ன விஷயங்கள் இரண்டு. பூத் ஸ்லிப் அடையாள ஆவணம் அல்ல, 2019இலிருந்து அதை மட்டும் வைத்து ஓட்டுப் போட முடியாது. அட்டை இல்லையென்றால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டிய வங்கி பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஒன்று போதும். மாலை நேரம் முடியும்போது வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து தொடங்கி டோக்கன் கொடுப்பார்கள்; டோக்கன் வாங்கியவர் எத்தனை மணியானாலும் போடலாம்.

இவ்வளவு அலைச்சலும் ஓர் ஓட்டுக்காகவா என்று கேட்பவர்கள் உண்டு. 2021 சட்டமன்றத் தேர்தலில் தியாகராய நகர் முடிவு 137 ஓட்டு வித்தியாசத்தில் தீர்ந்தது. 2016இல் ராதாபுரம் 49 ஓட்டில். அங்கே தபால் ஓட்டுகளில் சான்றொப்பம் போட்டவருக்கு அந்தத் தகுதி உண்டா என்ற கேள்வியே மறு எண்ணிக்கை வழக்காக உயர் நீதிமன்றம் போனது. ஆனால் இப்படி நூலிழையில் முடிகிற தொகுதிகள் குறைவு, அதை மட்டும் காரணமாகச் சொன்னால் மற்ற தொகுதிக்காரர் தூங்கப் போய்விடுவார். அதைவிட உறுதியான காரணம் ஒன்று இருக்கிறது: படிவம் 20. எண்ணிக்கை முடிந்ததும் தேர்தல் நடத்தும் அலுவலர் தயாரிக்கும் இறுதி முடிவுத் தாள் அது. எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு, நோட்டா எத்தனை, டெண்டர் எத்தனை என்று சாவடி வாரியாக அதில் இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் தளத்தில் யாரும் பார்க்கலாம். யார் யாருக்குப் போட்டார் என்பது ரகசியம்தான். ஆனால் உங்கள் இரண்டு தெருவில் ஆயிரம் பேரில் எத்தனை பேர் போட்டார்கள் என்பது ரகசியமே அல்ல. விவரமான எம்எல்ஏவின் அலுவலகத்தில் இந்தத் தாள் அச்சடித்து வைத்திருப்பார்கள். முக்கால்வாசிப் பேர் ஓட்டுப் போடுகிற சாவடியிலிருந்து வரும் மனுவுக்கும், பாதிப் பேர்கூட வராத அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து வரும் மனுவுக்கும் கிடைக்கிற மரியாதை ஒன்றாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது அப்பாவித்தனம். எந்தக் கட்சிக்குப் போட்டோம் என்பதைவிட, வந்து போட்டோம் என்பதே அந்தத் தாளில் முதலில் கண்ணில் படும்.

ஜெயித்தவரைக் கேள்வி கேட்பதும் இதே மாதிரித் தாள் வேலைதான், மேடைப் பேச்சு அல்ல. எம்எல்ஏவைப் பாதியில் திருப்பி அழைக்க நம் நாட்டில் சட்டம் கிடையாது, ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் செய்ய முடிவது, அவர் பெயரில் போன பணத்தைப் பின்தொடர்வது. தமிழ்நாட்டில் தொகுதி மேம்பாட்டு நிதி ஓர் எம்எல்ஏவுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். எம்பிக்கு 5 கோடி. அவர்கள் வேலையைப் பரிந்துரைப்பார்கள், நிர்வாக அனுமதி கொடுத்துச் செலவழிப்பது மாவட்ட நிர்வாகம். ஆகவே தகவல் கேட்க வேண்டியது எம்எல்ஏவிடம் அல்ல, மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையின் பொதுத் தகவல் அலுவலரிடம், சென்னையில் மாநகராட்சியிடம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி ஒரு தாளில் எழுதினால் போதும்.

கேள்வியை எழுதுகிற விதத்தில்தான் பலர் தோற்கிறார்கள். "ஏன் எங்கள் தெருவுக்கு எதுவும் செய்யவில்லை" என்று கேட்டால், அது தகவல் அல்ல என்று ஒரு வரியில் திருப்பிவிடுவார்கள். ஏன் என்று கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். குறிப்பிட்ட நிதியாண்டில் பரிந்துரைத்த வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றின் இடம், மதிப்பீட்டுத் தொகை, நிர்வாக அனுமதித் தேதி, ஒப்பந்ததாரர், கொடுத்த தொகை, முடிந்த தேதி. பட்டியல் வந்த பிறகு, சந்தேகமான ஒரு வேலையை மட்டும் எடுத்து அதன் எம்-புக் நகலைக் கேளுங்கள். சாலையின் நீளம், அகலம், கனம் எல்லாம் அளந்து எழுதிய புத்தகம் அது; அதற்குப் பிறகு டேப்போடு தெருவில் இறங்கினால் பேச்சே வேண்டியதில்லை. பக்கத்துக்கு இரண்டு ரூபாய். 30 நாளில் பதில் வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். ஆணையத்தில் காலதாமதம் ஆகும், அதை எதிர்பார்த்தே இறங்க வேண்டும். பெரும்பாலும் முதல் மேல்முறையீட்டுத் தாள் போனதுமே தகவல் வந்துவிடும்.

வேட்பாளர் ஜெயிப்பதற்கு முன் கொடுத்த தாள்களும் இருக்கின்றன. படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் சொத்து, கடன், வழக்கு, படிப்பு எல்லாம் இருக்கும். இரண்டு தேர்தல்களில் கொடுத்த பிரமாணப் பத்திரங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். முடிவு வந்த 30 நாளுக்குள் ஒவ்வொரு வேட்பாளரும் செலவுக் கணக்குக் கொடுத்தாக வேண்டும் (தமிழ்நாட்டில் சட்டமன்றத்துக்கு உச்சவரம்பு 40 லட்சம்). அந்தக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் ஒரு ரூபாய் கட்டணத்தில் யாரும் பார்வையிடலாம். உங்கள் ஊர்க் கூட்டத்துக்கு எத்தனை வேன் வந்தது என்று உங்களுக்குத் தெரியும். கணக்கில் எத்தனை வேன் என்று பாருங்கள்.

ஊராட்சி என்றால் இன்னும் நேரடி வழி இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கிராம சபை. வரவு செலவை அங்கே வாசிக்க வேண்டும். இங்கே வழக்கமாகக் கெடுவது ஒன்றுதான்: வெற்றுத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டுப் பிறகு எழுதிக்கொள்வது. தீர்மானம் எழுதி வாசித்து முடித்த பிறகு, கடைசி வரியை ஒட்டிக் கையெழுத்திடுங்கள், இடைவெளி விடாமல்.

மனு எழுதும்போது முகவரிக்கு மேல் தொகுதிப் பெயரையும் பாகம் எண்ணையும் எழுதுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் ஒவ்வொருவரும் வாக்காளர் பட்டியலில் தங்கள் வரிசை எண்ணையும் பக்கத்தில் போடட்டும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் ஒரு பிரதி கொடுத்து மனு எண் வாங்கிக்கொள்ளுங்கள். எம்எல்ஏ அலுவலகப் பிரதியில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை இல்லை என்று சொன்னால், பெற்றுக்கொண்டவரின் பெயரும் தேதியும் அவர் கையாலேயே.